நோன்பு மாதமும் ஏழு வயதுப் பிள்ளையின் மதிப்பெண்ணும்

கருவுற்ற பெண் ரமளானில் நோன்பு நோற்றால் பிறக்கும் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்றொரு பேச்சு இப்போது நம் வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறது. ‘வெளிநாட்டிலே ஆராய்ந்து கண்டுபிடித்திருக்கிறார்கள்’ என்பது அப்பேச்சுக்குத் துணையாக வரும் வாக்கியம். ஆராய்ந்தவர் யார், எந்தப் பிள்ளைகளை ஆராய்ந்தார், கண்டது என்ன என்று கேட்டால் சொன்னவருக்கே தெரிவதில்லை. மறுபுறம், அப்படியோர் ஆராய்ச்சி இருக்கவே முடியாது, இருந்தால் அது மார்க்கத்தின்மீது காழ்ப்புக் கொண்டோர் கட்டிவிட்ட கதை என்று ஒரே மூச்சில் தள்ளிவிடுவோரும் உளர். இரு சாராரும் அக்கட்டுரைகளைப் படித்தவர்கள் அல்லர் என்ற அளவில் ஒத்திருக்கிறார்கள். படித்துப் பார்த்து, அவற்றில் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்று எடைபோடுவதே இங்கு என் வேலை.

இந்த வேலையில் என்னை இறக்கிவிட்டவள் என் தமக்கை மகள். கடற்கரை ஊரொன்றில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய மகன் இரண்டாம் வகுப்புப் படிக்கிறான். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குத் திணறுகிறான். ‘ன’வும் ‘ண’வும் மாறுவதோடு நில்லாமல் சொல்லின் முதலெழுத்தும் கடையெழுத்தும் இடம் மாறி விழுகின்றன. பள்ளியில் அழைத்துச் சொல்லியிருக்கிறார்கள். அன்று மாலை அவளுடைய மாமி சொன்னாராம்: “இவன் வயித்துல இருக்கும்போது ஒரு நோன்பைக்கூட விடாம புடிச்சியே, இப்ப அனுபவி!” ஆனால் அந்த ஆண்டு அவள் ஒரு நோன்பையும் விடாததைத் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவரும் அதே மாமிதான். அவள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “மாமா, அது உண்மையா?”

இத்துறையில் பெரிதும் பேசப்படும் கட்டுரைகள் இரண்டு. முதலாவது 2011இல் வெளிவந்தது. டக்ளஸ் ஆல்மண்ட், பாஷ்கர் மஜும்தார் ஆகிய இரு பொருளியல் அறிஞர்கள் எழுதியது. இரண்டாவது, இவ்விருவரும் ரைன் வான் எவைக் என்பாரும் சேர்ந்து 2015இல் வெளியிட்டது. மருத்துவர்கள் அல்லாதவர்கள் கருவைப் பற்றி எழுதுவதா என்று புருவத்தை உயர்த்த வேண்டியதில்லை. இவர்கள் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை, நாட்காட்டியைப் பார்த்தார்கள். அவர்களின் சிறப்பும் அதுவே, குறையும் அதுவே.

அவர்களின் வழியை முதலில் விளங்கிக்கொள்வோம். பிறையாண்டுக்கு 354 நாட்கள். ஆகவே ரமளான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாட்கள் முன்னதாக வந்து, 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. ஒரு கர்ப்பம் ஏறத்தாழ 266 நாட்கள் நீடிக்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால், உலகில் பிறக்கும் பிள்ளைகளில் நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமானோர் கருவிலிருக்கும்போது ஏதேனும் ஒரு ரமளான் நாளைக் கடந்தே வருகிறார்கள். எஞ்சியோர் இரு ரமளான்களுக்கு நடுவே முழுமையாகத் தங்கிப் பிறக்கிறார்கள். இவ்விரு கூட்டத்தாரையும் ஒப்பிட்டால் என்ன? தாய் நோன்பு நோற்றாளா என்று எவரையும் கேட்க வேண்டியதில்லை. பிள்ளையின் பிறந்த நாள் ஒன்றே போதும். முஸ்லிம் பிள்ளைகளிடையே ஒரு வேறுபாடு தென்பட்டு, அதே நாட்களில் பிறந்த பிறரிடம் அது தென்படாவிட்டால், பருவமழையோ குளிரோ காரணமன்று, ரமளானோடு தொடர்புடைய ஏதோ ஒன்றுதான் காரணம் என்று கொள்ளலாம். இதுவே அவர்களின் தருக்கம். அழகிய தருக்கம் என்றே சொல்வேன்.

அழகு எங்கே இருக்கிறது என்பதை அறிய, வேறு வழியில் செய்யப்பட்ட ஓர் ஆய்வையும் பார்க்க வேண்டும். ஈரானிய மருத்துவர் அஸீஸியும் அவர் துணைவர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தின்போது நோன்பு நோற்ற தாய்மார்களின் பிள்ளைகளையும் நோற்காதவர்களின் பிள்ளைகளையும் அறிவுத்திறன் சோதனைக்கு உட்படுத்தினார்கள். வேறுபாடு காணப்படவில்லை. நம்மவர்கள் பலர் இதனை மகிழ்ச்சியோடு எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் நோன்பு நோற்ற தாய் யார்? பெரும்பாலும் உடல் வலிமையுடையவள், குமட்டலும் மயக்கமும் குறைந்தவள், முன்பு பேறு சிக்கலின்றி முடிந்தவள். நோன்பை விட்டவள் யார்? வாந்தியால் வாடியவள், குருதி குறைந்தவள், மருத்துவர் தடுத்தவள். வலியவளின் பிள்ளையையும் நலிந்தவளின் பிள்ளையையும் ஒப்பிட்டு, இருவரும் சமம் என்று கண்டால், நோன்பினால் கேடில்லை என்றும் பொருள்கொள்ளலாம். நோன்பு வலியவளின் முன்னேற்றத்தைச் சற்றே அழித்துவிட்டது என்றும் பொருள்கொள்ளலாம். அதோடு, ஆய்வுக்குட்பட்ட பிள்ளைகள் இருநூறு பேருக்கும் குறைவு. இந்தத் தேர்வுப் பிழையிலிருந்து நாட்காட்டி ஆய்வு தப்பிவிடுகிறது; எந்த மாதத்தில் ரமளான் வரவேண்டும் என்று எந்தத் தாயும் தேர்ந்தெடுப்பதில்லை அன்றோ!

இனி அவர்கள் கண்டது. 2011ஆம் ஆண்டுக் கட்டுரையில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து அரபுத் தாய்மார்களின் பிள்ளைகள், கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரமளான் வந்திருந்தால் சற்றே எடை குறைந்து பிறந்தனர் என்று கண்டார்கள். உகாண்டாவின் 2002ஆம் ஆண்டுக் குடிக்கணக்கிலும் ஈராக்கின் 1997ஆம் ஆண்டுக் குடிக்கணக்கிலும், கருவின் முதல் மாதத்தில் ரமளானைச் சந்தித்த முஸ்லிம்கள் வளர்ந்த பின் உடற்குறையோ மனக்குறையோ உடையவர்களாகக் கணக்கெடுக்கப்படுவது 20 விழுக்காடு கூடுதல் என்றும், அதிலும் கற்றலும் அறிவும் சார்ந்த குறைகளிலேயே வேறுபாடு பெரிது என்றும் எழுதினார்கள். 2015ஆம் ஆண்டுக் கட்டுரை இங்கிலாந்துப் பள்ளிகளின் பதிவேட்டை எடுத்துக்கொண்டது. பாகிஸ்தானிய, வங்காளதேசக் குடும்பத்துப் பிள்ளைகள் ஏழு வயதில் பெற்ற மதிப்பெண்களை ஆராய்ந்து, கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரமளான் வந்திருந்தால் மதிப்பெண் 0.05 முதல் 0.08 திட்ட விலக்கம் வரை குறைகிறது என்று முடிவு கூறியது.

20 விழுக்காடு என்றதும் ஐந்து பிள்ளைகளில் ஒரு பிள்ளைக்குக் குறை வந்துவிடும் என்று நம் தெருவில் பொருள்கொண்டுவிட்டார்கள். அப்படியன்று. ஆயிரம் பேரில் பதினைந்து பேருக்கு இயல்பாகவே அத்தகைய குறை இருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அது 20 விழுக்காடு கூடினால் பதினெட்டாகும். எஞ்சிய 982 பேருக்கு ஒன்றுமில்லை. அந்த மூன்று பேரை அற்பமென்று நான் சொல்லமாட்டேன். அவர்களைப் பெற்றவர்களுக்கு அது முழு வாழ்க்கை. ஆயினும் ஆயிரத்துக்கு மூன்று என்பதும் ஐந்துக்கு ஒன்று என்பதும் ஒன்றாகா.

‘திட்ட விலக்கம்’ என்ற சொல்லும் வாசகரை மிரட்டத் தேவையில்லை. நூறு பிள்ளைகளை மதிப்பெண் வரிசையில், கடைசியிலிருந்து தொடங்கி நிறுத்துவதாக எண்ணிக்கொள்ளுங்கள். நடுவிலே 50ஆம் இடத்தில் நிற்கும் பிள்ளை, இந்த ஆய்வு சொல்லும் அளவு பின்வாங்கினால் 48ஆம் இடத்துக்கோ 47ஆம் இடத்துக்கோ வருவான். அவ்வளவே. ஆசிரியர்கள் இதற்கொரு பின்குறிப்பும் தருகிறார்கள்: ரமளானைச் சந்தித்த தாய்மார்கள் எல்லோரும் நோன்பு நோற்றிருக்கமாட்டார்கள், ஆகவே உண்மையில் நோற்றவர்களின் பிள்ளைகளுக்கு விளைவு இதைவிடப் பெரிதாகவே இருக்கும் என்று. தாய்மார்களில் பாதிப்பேர் நோற்றனர் என்று கொண்டால் விளைவு இரட்டிப்பாகும். நம் வரிசையில் ஐந்தாறு இடங்கள். கல்வித்துறையினர் பெரும் பொருள் செலவிட்டுச் செய்யும் திட்டங்கள் பல இந்த அளவுக்குத்தான் பிள்ளைகளை முன்னேற்றுகின்றன என்று அவர்கள் எழுதுவதும் பிழையன்று. ஓர் ஊர் முழுமைக்கும் இது கவனிக்கத்தக்க எண். ஒரு பிள்ளையின் நெற்றியில் ஒட்டத்தக்க எண் அன்று.

ஆனால் அந்தப் பின்குறிப்பில்தான் எனக்கு அவர்களோடு வழக்கு. நோற்காத தாய்க்கு ரமளான் ஒன்றுமே செய்வதில்லை என்று அவர்கள் அங்கே வைத்துக்கொள்கிறார்கள். கணக்குக்கு அது வசதி. நம் வீட்டு அடுக்களையை அறிந்தவர் எவரும் அதனை ஒப்பார்.

ரமளானில் நம் வீட்டு மருமகளின் ஒரு நாளைப் பாருங்கள். மற்றவர்கள் ஸஹருக்கு எழும் முன் அவள் எழவேண்டும்; நான்கு மணிக்குச் சோறு ஆறாமல் இருக்க வேண்டுமெனில் மூன்று மணிக்கே அடுப்பு எரிய வேண்டும். ஸுப்ஹு தொழுகை முடிந்து மற்றவர்கள் கண்ணயர்ந்தால், நோன்பில்லாத சிறுபிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது அவள் பொறுப்பு. அஸருக்குப் பின் கஞ்சி, வடை, சமோசா, சர்பத். பள்ளிவாசலுக்கும் அண்டை வீடுகளுக்கும் அனுப்ப வேண்டியவை தனி. நோன்பு திறந்தபின் பாத்திரங்கள், தராவீஹ், மறுபடியும் இரவு உணவு. மூன்று நான்கு மணிநேரத் தூக்கம் கிடைத்தால் பெரிது. இவற்றில் எதுவும் அவள் நோன்பு நோற்றிருக்கிறாளா இல்லையா என்பதைப் பொறுத்து மாறுவதில்லை. சூலுற்றிருப்பதால் நோன்பை விட்டவள், வீட்டுப் பெரியவர்கள் கண்ணில் படாமல் ஒரு வாய் உண்பதற்கு இடம் தேடிப் பிற்பகல் வரை பட்டினி கிடந்த கதைகளும் எனக்குத் தெரியும். அவள் நோன்பாளியும் அல்லள், உண்டவளும் அல்லள். பிறந்த நாளைக் கொண்டு செய்யும் கணக்கில் இந்த மாதம் முழுவதும் ஒரே மூட்டையாக வந்து விழுகிறது. மூட்டைக்குள் பசி இருக்கிறது, தாகம் இருக்கிறது, உறக்கமின்மை இருக்கிறது, நள்ளிரவில் எண்ணெய்ப் பண்டம் இருக்கிறது, இடுப்பொடிய உழைப்பு இருக்கிறது. எது பிள்ளையைத் தொட்டது என்று நாட்காட்டி சொல்லாது.

இந்த ஐயத்துக்கு வலுச் சேர்க்கும் செய்தியொன்று அந்த ஆய்விலேயே இருக்கிறது. இங்கிலாந்துப் பிள்ளைகள் பெரும்பாலும் 1990களில் பிறந்தவர்கள். அப்பத்தாண்டில் ரமளான் மார்ச் இறுதியிலிருந்து டிசம்பர் வரை பின்னோக்கி நகர்ந்தது. குளிர்காலத்து இங்கிலாந்தில் பகல் மிகக் குறுகியது. டிசம்பர், ஜனவரி நாட்களில் நோன்பு பத்து மணிநேர அளவினதே. நாம் சென்னையிலோ நாகூரிலோ ஆண்டு முழுவதும் 12 மணிநேரத்துக்கு மேல் நோற்கிறோம். கோடையில் 14ஐத் தொடுகிறது. பத்து மணிநேரம் உண்ணாதிருத்தல் மட்டுமே காரணமெனில், இரவு எட்டுக்கு உண்டு உறங்கி மறுநாள் காலை சற்றே தாமதித்து உண்ணும் எல்லாத் தாய்மார்களின் பிள்ளைகளும் பின்தங்க வேண்டுமே!

இதற்கு அவர்கள் தரப்பில் ஒரு விடை உண்டு. 1982இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆய்வொன்று, சூலுற்ற பெண் இரவுப் பட்டினிக்குப் பின் காலையுணவையும் தவிர்த்தால், பிறரைவிட விரைவில் குருதியில் சர்க்கரை இறங்கி, உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்குவதைக் காட்டிற்று. நோன்பு பற்றி எழுதுவோர் இதனைத் தவறாமல் சான்று காட்டுவர். ஆனால் அந்த ஆய்வு கர்ப்பத்தின் கடைசிக் காலத்துப் பெண்களிடம் செய்யப்பட்டது. மதிப்பெண் குறைவு தென்படுவதோ கர்ப்பத்தின் தொடக்கத்தில். கடைமாதத்துச் சான்றைக் கொண்டு முதல்மாதத்து விளைவை விளக்குவது, மாடியில் கேட்ட சத்தத்துக்குக் கிணற்றில் தேடுவது போன்றது. தொடக்க வாரங்களில்தான் உறுப்புகள் உருவாகின்றன, அப்போது சிறு தட்டுப்பாடும் பெரிதாகலாம் என்பது நியாயமான ஊகம். ஊகம் என்ற பெயரோடு அது இருக்கட்டும்.

பிறப்பெடையைப் பொறுத்தவரை அச்சம் மேலும் குறைகிறது. பர்மிங்ஹாமில் 1964 முதல் 1984 வரை நிறைமாதத்தில் பிறந்த 13,351 பிள்ளைகளை வைத்து 1990இல் வெளியான ஆய்வு, ஆசிய முஸ்லிம் தாய்மார்களின் பிள்ளைகளுடைய சராசரி எடையில் ரமளானால் மாற்றமில்லை என்றது. 2018இல் 22 ஆய்வுகளை, 31,374 கர்ப்பங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வும், நோன்பினால் குறைமாதப் பேறு கூடுவதாகவோ பிறப்பெடை குறைவதாகவோ காணவில்லை. நச்சுக்கொடியின் எடை மட்டும் சற்றுக் குறைந்தது என்றது. ஆயினும் எடை சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று முடித்துவிடவும் வழியில்லை. இந்தோனேசியக் குடும்பங்களை ஆராய்ந்து மஜீத் என்பவர் 2015இல் எழுதிய கட்டுரை, ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளையே ஒருவரோடொருவர் ஒப்பிட்டும், ரமளானைக் கருவில் சந்தித்தவர்கள் அறிவுச் சோதனையிலும் கணக்கிலும் ஏழெட்டு விழுக்காடு பின்தங்குவதைக் கண்டது. தனித்தனி நாடுகள், தனித்தனி அளவுகோல்கள். காட்டும் திசை ஒன்றே. அதனால்தான் ‘கட்டிவிட்ட கதை’ என்போருடன் நான் சேரமாட்டேன்.

நம் மார்க்கமும் இவ்விடத்தில் ஊமையாக இல்லை. நோயாளிக்கும் பயணிக்கும் திருமறை தந்த தளர்வைச் சூலுற்றவளுக்கும் பாலூட்டுபவளுக்கும் உரியதாக ஹதீஸ் நூல்கள் காட்டுகின்றன. தன் உடலுக்கோ பிள்ளைக்கோ கேடு நேருமென அஞ்சுபவள் நோன்பை விட்டுப் பின்னர் நோற்கலாம் என்பதில் மத்ஹபுகளிடையே பிணக்கில்லை. பிள்ளைக்காக மட்டும் அஞ்சி விட்டவள் களாச் செய்வதோடு ஃபித்யாவும் தர வேண்டும் என்பது ஷாஃபிஈகளின் நிலை. களா மட்டும் போதும் என்பது ஹனஃபிகளின் நிலை. காயல்பட்டினத்துப் பெண் கொடுக்கும் ஃபித்யாவை மதுரை ராவுத்தர் வீட்டுப் பெண் கொடுக்க வேண்டியதில்லை, அவ்வளவே வேறுபாடு. சட்டம் இத்தனை தெளிவாக இருந்தும், நம் வீடுகளில் அச்சலுகையைக் கேட்டுப் பெறும் துணிவு எத்தனை மருமகள்களுக்கு இருக்கிறது? ‘நாங்களெல்லாம் நோற்கவில்லையா, பிள்ளை பெறவில்லையா?’ என்ற ஒரு வாக்கியம், மத்ஹபு நூல்கள் அனைத்தையும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறது.

இதைவிடக் கடினமான முடிச்சு ஒன்று உண்டு. ஆய்வுகள் சுட்டும் காலம் கருவின் முதல் வாரங்கள். அவ்வாரங்களில் தான் கருவுற்றிருப்பதே அவளுக்குத் தெரியாது. தெரிந்த பின்னரே சலுகையைப் பயன்படுத்த முடியும். ஆல்மண்ட் குழுவினரின் முடிவு முற்றிலும் சரியென்றே வைத்துக்கொண்டாலும், தெரியாமல் நோற்றவள்மீது எந்த நீதிமன்றத்தில், எந்த மார்க்கச் சபையில் குற்றம் சாட்ட முடியும்? மணமாகிப் பிள்ளையை எதிர்பார்த்திருக்கும் பெண், ரமளான் நெருங்கும்போது நாள் தள்ளியிருந்தால் முன்கூட்டியே சோதித்துக்கொள்ளலாம். கர்ப்பத்தைத் திட்டமிடுவோர் நாட்காட்டியையும் பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவுதான் நடைமுறையில் கூடுவது.

இனி, என் தமக்கை மகள் வீட்டுச் செய்தியோடு இவ்வாய்வுகளைப் பொருத்துவதில் உள்ள அடிப்படைப் பிழையைச் சொல்ல வேண்டும். ஏழு வயதில் ஒரு தேர்வில் இரண்டு இடம் பின்னால் நிற்பது வேறு. எழுத்துகள் கண்முன் இடம் மாறும் வாசிப்பு இடர்ப்பாடு வேறு. பின்னது பெரும்பாலும் குடும்ப வழியில் வருவது. தந்தைக்கோ சிற்றப்பனுக்கோ அது இருந்ததா என்று முதலில் கேட்க வேண்டும். 2015ஆம் ஆண்டுக் கட்டுரை அதனை ஆராயவே இல்லை. இப்படியொரு கட்டுரை கைக்குக் கிடைத்ததும், பிள்ளையின் எல்லாத் திணறலுக்கும் தாயின் வயிற்றையே சாட்சிக் கூண்டில் ஏற்றிவிடுகிறோம். தந்தைவழிப் பாட்டனாருக்கும் வாசிப்பு வராமல் நான்காம் வகுப்போடு கடைக்கு வந்துவிட்டார் என்ற செய்தி, அந்த வீட்டில் பெருமைக் கதையாகச் சொல்லப்பட்டு வருவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்!

தாயின் உடல்நலமும் பிள்ளையின் கல்வியும் தொடர்புடையவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. நோன்பைவிட அழுத்தமான சான்றுள்ள இடங்களை நாம் கண்டுகொள்வதில்லை என்பதே என் முறையீடு. கருவுற்ற தாய்க்கு அயோடின் சற்றே குறைந்திருந்தால், பிள்ளை எட்டு ஒன்பது வயதில் சொல்லறிவிலும் வாசிப்பிலும் பின்தங்குவதோடு அது தொடர்புறுவதை, பிரிஸ்டல் வட்டாரத்துத் தாய்மார்கள் ஆயிரம் பேரை வைத்து 2013இல் வெளியான ஆய்வு காட்டிற்று. உப்புப் பொட்டலத்தை அடுப்பருகே திறந்து வைக்கும் வீடுகளில் இதைப்பற்றிப் பேச்சே இல்லை. இந்தியாவில் 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கில், கருவுற்ற பெண்களில் 52 விழுக்காட்டினர் குருதிச் சோகை உடையவர்கள். சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று அவள் தலையணைக்கடியில் ஒளித்துவைத்தால், எந்த மாமியும் தெருவில் நின்று பேசுவதில்லை.

பழையதொரு பெரிய கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1959 முதல் பல மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளைப் பதிந்து, அவர்களின் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தனர். அவர்களுள் 26,760 பிள்ளைகளின் நான்காம் வயது அறிவுத்திறனை, பேறுகாலம், பிறப்பு, குடும்பம் பற்றிய 169 செய்திகளோடு பொருத்தி 1975இல் ஒரு நூல் வெளிவந்தது. அத்தனை செய்திகளுள்ளும் பிள்ளையின் அறிவுத்திறனோடு நெருங்கிப் பொருந்தியவை தாயின் கல்வியும் குடும்பத்தின் நிலையுமே. பேற்றின்போது நேர்ந்த இடர்கள் வெகுவாகப் பின்னால் நின்றன. ஆல்மண்ட் குழுவினர் கண்ட வேறுபாட்டை இந்தப் பெரிய படத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் உருவம் சரியாகத் தெரிகிறது. என் தமக்கை மகளைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தி மணமுடித்தவர்களில் நானும் ஒருவன் என்பதை மறைப்பதற்கில்லை.

இவற்றையெல்லாம் அவளிடம் எளிதாக்கிச் சொன்னேன். அந்த ரமளான் முடிந்து பெருநாளும் கழிந்த பின்னரே தான் கருவுற்றிருப்பதை அறிந்ததாகச் சொன்னாள். நூறு பேர் வரிசையையும், 50ஆம் இடத்தையும் 48ஆம் இடத்தையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். “அப்படியானா என் புள்ள எத்தனாவது இடத்துல நிக்கிறான், மாமா?” என்று கேட்டாள். அதனை அந்த ஆய்வாளர்களாலும் சொல்ல முடியாது, நாமே சோதித்துத்தான் அறிய வேண்டும் என்றேன். வாசிப்பு இடர்ப்பாட்டைச் சோதிப்பவர் பக்கத்து நகரத்தில் இருக்கிறார். அடுத்த வாரம் பையனை அழைத்துச் செல்கிறோம். அவனுடைய வாப்பாவும் கடையை அடைத்துவிட்டு உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.